பிரெஞ்சுப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுவது எப்படி? புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வேர் கொண்ட குடும்பங்கள் இன்று பாரிசிலும், இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனிலும் சென்னையிலும் கடலூரிலும் பரந்து கிடக்கின்றன. பாட்டனார் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தார், வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்தார், சொல்தாவாக, அதாவது படைவீரராகப் போனார் என்ற ஒற்றை வரிச் செய்தி மட்டுமே பல வீடுகளில் எஞ்சியிருக்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தேடத் தொடங்குபவர் முதலில் திகைத்து நிற்பது பெயரிடம்தான். வீட்டில் ஒரு பெயர், கோவில் ஏட்டில் ஒரு பெயர், அரசுப் பதிவேட்டில் இன்னொரு பெயர் என்று ஒரே மனிதர் மூன்று வடிவங்களில் எழுதப்பட்டிருப்பார். ஆகவே இக்கட்டுரையில் ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்பதை விட, அவற்றிலுள்ள பெயர்கள் எப்படி உருவாயின என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதற்படி: வீட்டுப் பெட்டி

இணையத்தைத் திறக்கும் முன் வீட்டிலுள்ள பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். நீங்கள் தேட வேண்டிய முதல் பொருள் 'லிவ்ரே தெ ஃபமி' எனப்படும் குடும்பப் புத்தகம். பிரெஞ்சு முறைப்படி திருமணம் பதிவானதும் தம்பதியருக்கு அளிக்கப்படும் இச்சிறு புத்தகத்தில் கணவன், மனைவி, அவர்களுடைய பெற்றோர், பின்னர் பிறக்கும் பிள்ளைகள் ஆகிய அனைவரின் பெயரும் நாளும் ஊரும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அது கிடைத்துவிட்டால் இரண்டு தலைமுறை ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். கிடைக்காவிட்டால் படைச் சேவைப் புத்தகம், ஓய்வூதியத் தாள், பழைய கடவுச்சீட்டு, நொத்தேர் எனப்படும் பத்திரப் பதிவு அலுவலரிடம் எழுதிய கிரயப் பத்திரம், கல்லறையில் பொறித்த வாசகம் என்று கிடைப்பதையெல்லாம் படம் எடுத்து வையுங்கள்.

பெரியவர்களிடம் கேட்கும்போது, 'தாத்தாவின் முழுப்பெயர் என்ன?' என்று மட்டும் கேட்காமல், 'வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்? எந்தக் கோவிலில் கல்யாணம் நடந்தது? கூடப் பிறந்தவர்களுக்கு என்ன பெயர்?' என்று கேளுங்கள். கூடப் பிறந்தவர்களின் பெயர் தெரிந்திருந்தால்தான், ஒரே பெயர் கொண்ட இருவருள் நம்மவர் யார் என்று பின்னால் பிரித்தறிய முடியும். இவ்வகைச் செய்திகளை வீட்டுப் பெண்களே நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள் என்பது என் அனுபவம்.

இரண்டாம் படி: ஊரும் காலமும்

பிரெஞ்சு இந்தியா என்பது புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து பகுதிகளைக் குறிக்கும். 1674-இல் பிரெஞ்சு வணிகக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் நிலைகொண்டார். காரைக்கால் 1739-இல் சேர்ந்தது. 1693 முதல் 1699 வரை டச்சுக்காரரும், பதினெட்டாம் நூற்றாண்டில் மும்முறை ஆங்கிலேயரும் புதுச்சேரியைப் பிடித்து வைத்திருந்தனர்; கடைசியாக 1793-இல் பறிபோன ஊர் 1816-இல்தான் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. அந்த இடைவெளிகளில் பதிவுகள் அறுந்தோ மெலிந்தோ இருந்தால் வியப்படைய வேண்டியதில்லை. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16 அன்று நிறைவேறியது. அதன்பின் ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் விருப்பம் தெரிவித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டனர் என்பதால், 1962-63-ஆம் ஆண்டுக் கடிதம் ஏதும் வீட்டில் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஊரின் பெயரையும் பிரெஞ்சு வடிவில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 1880-இல் நகராட்சிகள் அமைக்கப்பட்டபோது உழவர்கரை 'உல்கரே' என்றும், வில்லியனூர் 'வில்லெனூர்' என்றும், பாகூர் 'பஹூர்' என்றும் எழுதப்பட்டன. இவற்றை ஊகித்துவிடலாம். ஆனால் காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்தைப் 'கிராந்த் ஆல்தே', அதாவது பெரிய கிராமம், என்று பிரெஞ்சுக்காரர் அழைத்தனர். இதை அறியாதவர் பட்டினத்துப் பதிவேட்டைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே கடந்து போய்விடுவார்.

மூன்றாம் படி: இரண்டு பெயர் மரபுகள்

தமிழ் மரபில் நிலையான குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் முன்னெழுத்தாக வரும், மகனுக்குத் தன் பெயர் வரும், அடுத்த தலைமுறையில் முன்னெழுத்து மாறிவிடும். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் 'பெயரன்' என்ற சொல்லே பேரன் ஆயிற்று. இவ்வழக்கத்தால் ஒரே குடும்பத்தில் கோவிந்தசாமியின் மகன் இராமசாமி, இராமசாமியின் மகன் கோவிந்தசாமி என்று பெயர்கள் மாறி மாறி வரும். ஆண்டையும் வயதையும் பாராமல் படித்தால் பாட்டனையும் பேரனையும் ஒரே ஆளாக எண்ணி வம்சாவளியைக் குழப்பிவிடுவோம். புதிதாகத் தேடுபவர்கள் எளிதில் விழும் குழி இது.

பிரெஞ்சு மரபு இதற்கு நேர் எதிரானது. தந்தையின் குடும்பப் பெயர் பிள்ளைகளுக்கு மாறாமல் இறங்கும். பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எவரும் சூடக்கூடாது என்று 1794-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது. முன்பெயர்களோ இரண்டு மூன்று சேர்ந்து வரும், அவற்றுள் எதனால் அவர் அழைக்கப்பட்டார் என்பதைப் பதிவு சொல்லாது. 1803-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்பெயர்கள் நாட்காட்டியிலுள்ள புனிதர் பெயர்களாகவோ பழைய வரலாற்று மாந்தர் பெயர்களாகவோ இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் நெடுங்காலம் நீடித்தது. இன்னொரு வேறுபாடு நமக்குப் பெரிதும் உதவக்கூடியது: பிரெஞ்சு ஆவணங்களில் பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரால்தான் குறிக்கப்படுகிறாள். திருமணத்திலும், பிள்ளையின் பிறப்பிலும், இறப்பிலும் அதே பெயர்தான். ஆகையால் பாட்டியை அவருடைய கணவரின் பெயரில் தேடாமல் அவருடைய தந்தையின் பெயரில் தேட வேண்டும். 'நே' என்ற சொல்லுக்குப் பின் வருவது அவருடைய பிறந்த வீட்டுப் பெயர். 'வேவ்' என்றால் கைம்பெண்.

இந்த இரு மரபுகளும் சட்டப்படி ஒன்றையொன்று சந்தித்த நாள் 1881 செப்டம்பர் 21. அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணைப்படி, பிரெஞ்சு இந்தியாவில் வாழ்ந்த இருபத்தொரு வயது நிரம்பிய எவரும், எச்சாதியினராயினும் எச்சமயத்தினராயினும், தம் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வர முடிந்தது. துறந்தவர் 'ரெனோன்சான்' எனப்பட்டார். துறவு மீளப் பெற முடியாதது. மனைவியையும் வயதுவராத பிள்ளைகளையும் அது கட்டுப்படுத்தியது. துறந்தவர் தமக்கும் தம் வழியினருக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இந்த இயக்கத்தில் முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, 1873-இல் ஐரோப்பிய முறையில் காலணி அணிந்து நீதிமன்றத்திற்குள் சென்றதற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிசிலுள்ள உச்ச நீதிமன்றம் வரை போராடி வென்றவர். அவர் தேர்ந்துகொண்ட குடும்பப் பெயர் 'லாபோர்த்'. அச்சொல்லுக்குக் கதவு என்று பொருள்.

நம் முன்னோர் தேர்ந்த பெயர்களை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். சிலர் தந்தையின் பெயரையே நிலையான குடும்பப் பெயராக்கிக்கொண்டனர், சிலர் பிரெஞ்சு முன்பெயர் ஒன்றைக் குடும்பப் பெயராக எடுத்தனர், சிலர் முற்றிலும் புதிய பிரெஞ்சுச் சொல்லைச் சூடினர். ரெனோன்சான்களில் பெருந்தொகையினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களும் கிறித்தவர்களுமாக இருந்தனர். சாதியைச் சொல்லும் பெயரை உதறிவிட்டுத் தாமே தேர்ந்த பெயரோடு பதிவேட்டில் நின்ற அந்த மனிதர்களை, 'வெள்ளைக்காரன் பெயரை வைத்துக்கொண்டார்கள்' என்று இகழ்வதை இன்றும் கேட்கிறேன். அந்தப் பேச்சு அவர்கள் எதிலிருந்து வெளியேறினார்கள் என்பதை அறியாத பேச்சு.

தேடுபவருக்கு இதனால் வரும் நடைமுறை விளைவு ஒன்றுண்டு. வயது வந்த உடன்பிறந்தார் தனித்தனியே சென்று துறவு அறிவிக்கும்போது ஆளுக்கொரு குடும்பப் பெயரை எடுக்க இடம் இருந்தது. ஒருவர் துறந்து மற்றவர் துறவாமலும் இருக்கலாம். எனவே 1881-க்குப் பின் குடும்பப் பெயர் வேறாக இருப்பதாலேயே உறவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். துறவு அறிவிப்பே நமக்குப் பாலம்: அதில் பழைய பெயர், தந்தை பெயர், புதிய பெயர் ஆகிய மூன்றும் ஒருசேர நிற்கும். துறவை அறிவித்த நாள் தெரியாவிட்டால், முதற்பிள்ளையின் பிறப்புப் பதிவையும் கடைசிப் பிள்ளையின் பிறப்புப் பதிவையும் ஒப்பிட்டு, தந்தையின் பெயர் எந்த ஆண்டுக்கும் எந்த ஆண்டுக்கும் இடையில் மாறியது என்று குறுக்கிக்கொண்டு வாருங்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஞானஸ்நான ஏட்டில் இலத்தீனில் 'பெத்ருஸ்' என்றும், அரசுப் பதிவில் 'பியேர்' என்றும் இருக்கக்கூடும். சின்னப்பன் 'போல்' ஆவார், அருளப்பன் 'ழான்' ஆவார், சூசை 'ழோசேப்' ஆவார். சவரிமுத்து மட்டும் பல இடங்களில் சவரிமுத்துவாகவே நிற்பார். ஆகவே புனிதர் பெயர்களின் மூன்று மொழி வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: செவி எழுதிய பெயர்கள்

ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பிரெஞ்சுக்காரர் பெயர்களைத் தமிழ்ச் செவி கேட்டபடி எழுதி வைத்தார். பிரெஞ்சுப் பதிவாளர்களும் நம் பெயர்களை அவ்வாறே தம் செவி கேட்டபடி எழுதினர். அந்த எழுத்தை ஆங்கில வழக்கில் வாசிப்பதால்தான் பெயர் கைநழுவிப் போகிறது.

எங்கள் குடும்பத்துப் பழனியாண்டியைப் பல மாதம் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. ஒருநாள் வேறு எதையோ தேடும்போது 'பஜனியாண்டி' என்று வாசிக்கத் தோன்றிய பெயர் ஒன்று கண்ணில் பட்டது. பிரெஞ்சில் 'ஜே' எழுத்தின் ஒலி ழகரத்தின் சாயலில் அவர்கள் காதுக்குப் பட்டிருக்கிறது; அதனால் ழகரம் வரும் இடத்திலெல்லாம் அந்த எழுத்தைப் போட்டிருக்கிறார்கள். ஏழுமலை, எழிலன், பழனி என எல்லாப் பெயருக்கும் இதுவே கதி. பிரெஞ்சுக்காரரைப் போல வாய்விட்டுப் படித்தவுடன் எங்கள் பழனியாண்டி எதிரே வந்து நின்றுவிட்டார்.

உகரத்திற்கு 'ஓ', 'யூ' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள்; ஆகவே முத்து என்பது 'மோ'வில் தொடங்குவது போலத் தோன்றும். பெயர் னகர ஒற்றில் முடிந்தால், அவ்வொற்று மூக்கொலியாகக் கரைந்துவிடாமல் ஒலிக்கும்பொருட்டு இறுதியில் ஓர் 'இ' எழுத்தைச் சேர்ப்பார்கள். அந்த எழுத்தை உச்சரிக்காமல் முருகன், சரவணன் என்றே படிக்க வேண்டும். இரண்டு உயிர்களுக்கு நடுவில் ஒற்றை 'எஸ்' நின்றால் அதன் ஒலி மாறிவிடும் என்பதால் இராமசாமி போன்ற பெயர்களில் அதை இரட்டிப்பார்கள். பிள்ளை என்பது 'பூலே' என்றாகிவிடும். ரெயூனியோன் அரசியலில் நன்கறியப்பட்ட ழான்-போல் விராபூலே அவர்களின் குடும்பப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வீரப்பிள்ளை கேட்கும்.

தேடுவதற்கு முன் முன்னோரின் பெயரை இவ்வாறு நான்கைந்து வடிவங்களில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடுங்கள். எழுத்துக்கூட்டல் ஒத்துவரவில்லை என்பதற்காக எந்தப் பதிவையும் தள்ளிவிடாதீர்கள். எழுத்துக்கூட்டல் ஒத்துவருகிறது என்பதற்காக மட்டும் எதையும் ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். வயது, தொழில், தெரு, மனைவியின் பெயர் ஆகியவற்றுள் குறைந்தது இரண்டு பொருந்தி வர வேண்டும்.

ஐந்தாம் படி: பதிவேடுகள் இருக்கும் இடங்கள்

குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்கு ஒரு படி எடுத்துப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776-இல் அரச ஆணை பிறந்தது. புயலுக்கும் கறையானுக்கும் போருக்கும் தப்பி நமக்கு இன்று பதிவேடுகள் கிடைக்கின்றன என்றால் அந்த ஆணை ஒரு பெருங்காரணம். இப்படிகள் தென்பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்சு நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நூறாண்டு கடந்த பதிவேடுகளில் பெரும்பகுதியைப் படமாக்கி அதன் இணையதளத்தில் கட்டணமின்றி வைத்திருக்கிறார்கள். நாடு, ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தேர்ந்தால் ஏட்டின் பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். பெயரை உள்ளிட்டவுடன் விடை கொட்டும் என்று எதிர்பார்க்காமல், ஆண்டின் இறுதியிலுள்ள அகரவரிசைப் பட்டியலையோ பத்தாண்டுப் பட்டியலையோ முதலில் பாருங்கள். அதில் கண்ட எண்ணைக் கொண்டு உள்ளே செல்லுங்கள்.

நூறாண்டுக்கு உட்பட்ட பதிவுகளுக்கு நாந்த் நகரிலுள்ள மத்திய குடிநிலைப் பதிவகத்தை அணுக வேண்டும். படி பெறக் கட்டணம் இல்லை, இணையத்திலேயே கேட்கலாம். எழுபத்தைந்து ஆண்டு நிறையாத பிறப்பு, திருமணப் பதிவுகளின் முழுப்படி உரியவருக்கும் அவருடைய நேர்வழி உறவினர் போன்ற சட்டம் குறிப்பிடுவோருக்கும் மட்டுமே கிடைக்கும். இறப்புப் பதிவை எவரும் பெறலாம். கேட்கும்போது சுருக்கப் படியைக் கேட்காமல் 'கோப்பி ஆந்தெக்ரால்', அதாவது முழுப்படி, என்றே கேளுங்கள். பதிவின் ஓரத்தில் பின்னாளில் எழுதப்பட்ட குறிப்புகள் முழுப்படியில்தான் வரும். 1897-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் ஒருவரின் பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே அவருடைய திருமணமும் குறிக்கப்பட்டதால், அந்த ஒரு வரி அடுத்த தலைமுறைக்கு வழி காட்டிவிடும்.

உள்ளூரில் நகராட்சிப் பதிவேடுகளும், இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிக் கிளையும், பங்குக் கோவில்களின் ஏடுகளும் உள்ளன. பழைய பங்கு ஏடுகளைத் தேடுபவர் அக்காலப் பிரிவினையை நினைவில் கொள்ள வேண்டும்: ஐரோப்பியரைக் கப்புச்சின் துறவிகளும், தமிழ்க் கிறித்தவரை இயேசு சபையினரும் கவனித்துவந்தனர். இவ்விரு கூட்டத்துக்கும் நடுவில் 'தொப்பாஸ்' என்று பதிவேடுகள் குறிக்கும் குடும்பங்கள் இருந்தன. ஐரோப்பிய உடையும் போர்த்துக்கீசியப் பெயரும் கொண்ட இவர்களை நம் ஊரார் சட்டைக்காரர் என்றனர். போர்த்துக்கீசியப் பெயர் இருப்பதால் மட்டும் மூதாதை ஒருவர் போர்த்துக்கலிலிருந்து வந்தார் என்று எண்ணிவிட வேண்டாம். ஞானஸ்நானத்தில் பெற்ற பெயராகவும் அது இருக்கலாம்.

ஆறாம் படி: ஒரு பதிவை வாசித்தல்

பிரெஞ்சு தெரியாதே என்று அஞ்ச வேண்டியதில்லை, எல்லாப் பதிவுகளும் ஒரே வார்ப்பில் இருக்கும். முதலில் ஆண்டும் நாளும் மணியும் எழுத்தால் எழுதப்பட்டிருக்கும். எண்பதை 'நான்கு இருபது' என்றும், தொண்ணூற்றைந்தை 'நான்கு இருபது பதினைந்து' என்றும் சொல்வது பிரெஞ்சு வழக்கு என்பதை மட்டும் பழகிக்கொண்டால் ஆண்டு தவறாது. அடுத்துப் பதிவு அலுவலரின் பெயர், பின் செய்தியை அறிவிக்க வந்தவரின் பெயர், வயது, தொழில், குடியிருப்பு. அதன்பின்தான் பிள்ளையின் பெயரும் பெற்றோர் பெயரும் வரும். இறுதியில் சாட்சிகள். 'ஃபூ' என்ற சிறு சொல் ஒருவர் பெயருக்கு முன் நின்றால் அவர் அப்போது உயிரோடு இல்லை. அவருடைய இறப்பைத் தேட வேண்டிய கால எல்லை அந்த ஒரு சொல்லால் குறுகிவிடுகிறது.

மூவகைப் பதிவுகளில் திருமணப் பதிவே வளமானது. இரு தரப்புப் பெற்றோரும், அவர்கள் உயிரோடு இருந்தார்களா என்பதும், முந்தைய துணை இருந்தால் அவர் பெயரும் அதில் வரும். எனவே தெரிந்த பிறப்பிலிருந்து பெற்றோரின் திருமணத்திற்கும், அதிலிருந்து அவர்களுடைய பிறப்பிற்கும் என்று படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

பக்கத்தின் அடியைப் பாராமல் மூடிவிடாதீர்கள். பிரெஞ்சுக் கையெழுத்துகளுக்கு நடுவே சாட்சியோ தந்தையோ தமிழில் இட்ட கையொப்பம் இருக்கும். மேலே பதிவாளர் எப்படி எழுதியிருந்தாலும், அந்த மனிதர் தம் பெயரைத் தாமே எழுதிய வடிவம் அது. புள்ளியிடாத மெய்யும், கொம்பும் காலும் பிரியாத பழைய எழுத்துமாக இருந்தாலும் பொறுமையாகப் படித்தால் விளங்கும்.

ஏழாம் படி: கடல் கடந்தவர்கள்

சைகோனில் காவலிலும் சுங்கத்திலும் வரித் துறையிலும் பணியாற்றியவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்திருக்கலாம். அவர்களைப் புதுச்சேரி ஏட்டில் தேடிப் பயனில்லை, அந்த ஊர்ப் பதிவில்தான் தேட வேண்டும். முதல் உலகப் போரில் உயிர் நீத்தவர்களைப் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தெ ஸோம்' என்ற இணையதளத்தில் பெயரைக் கொண்டு தேடலாம்.

ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் நிலை வேறு. 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் கரீபியக் கடலின் பிரெஞ்சுத் தீவான மர்த்தினிக்கிற்கும், அதே கப்பல் 1854 டிசம்பரில் அங்குள்ள மற்றொரு தீவான குவாதலூப்பிற்கும் முதல் இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டு சேர்த்தது. தனிப் பெயரோடு கப்பலேறியவருக்கு அங்கே ஓர் எண் கொடுக்கப்பட்டது. அவருடைய தனிப் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக இறங்கியது. அப்பிள்ளைகளுக்கோ பிரெஞ்சு முன்பெயர் சூட்டப்பட்டது. குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஆன்றி சிதம்பரத்தின் பெயரிலேயே இந்த இரு பகுதிகளையும் காணலாம். இவ்வழியில் தேடுவோர் பதிவுகளில் 'மத்ரிக்யூல்' என்ற சொல்லுக்கு அருகிலுள்ள எண்ணைத் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும். பெயர் எத்தனை வடிவில் சிதைந்தாலும் எண் மாறாது. அதைக் கொண்டு ரெயூனியோனின் சென்-தெனி, குவாதலூப்பின் குர்பேர், மர்த்தினிக்கின் ஃபோர்-தெ-பிரான்சு ஆகிய ஊர்களிலுள்ள ஆவணக் காப்பகங்களில் குடியேறியோர் ஏடுகளைத் தேடலாம்.

எட்டாம் படி: எழுதி வைத்தல்

ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு ஆவணத்திலும் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்தும் திருத்தாமல், ஆண்டோடும் ஏட்டு எண்ணோடும் எழுதுங்கள். அதற்கு எதிரே நீங்கள் மீட்டெடுத்த தமிழ் வடிவத்தை எழுதி, அது கையொப்பத்தில் கண்டதா, பெரியவர் சொன்னதா, உங்கள் ஊகமா என்று குறியுங்கள். பழைய பதிவுகளில் சாதியும், மணத்திற்கு வெளியே பிறந்த செய்தியும் மறைக்காமல் எழுதப்பட்டிருக்கும் என்பதால், உயிரோடு இருக்கும் உறவினரைத் தொடும் தகவலை அவர்களிடம் கேட்காமல் பொதுவில் இடாதீர்கள். தாள் நிறைந்ததும் வீட்டின் மூத்தவர் ஒருவரிடம் கொண்டுபோய், பிரெஞ்சு வடிவத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். எழுத்தில் உங்களுக்குப் பிடிபடாத பெயரை அவர் செவி கண்டுகொண்டு, 'அட, அது நம்ம தாத்தாவோட தம்பியாச்சே' என்று சொல்லக்கூடும். சொன்னவுடன் அதையும் நாளிட்டு அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.